குண்டு விழுந்த தூரம்

தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விற்ற நாளில்
எல்லைக்கு யாரும் சங்கிலி பிடிக்கவில்லை.
பீரங்கியை வெடித்தார்கள்.
குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும்
கும்பெனிக்குச் சொந்தம்.
குண்டு உப்பலவாடி
இன்னும் அந்தக் குண்டைப் பெயரில் சுமக்கிறது.

இதை ஐம்பத்திரண்டு நொடியில் சொன்னேன்.
கெடிலத்துக் காற்று மைக்கை அறைய
இத்ரீஸ் ஃபோனைப் பிடித்திருந்தான்.
நாற்பத்தொரு பார்வை.
அதில் ஒன்பது நான்.
கீழே ஒரே ஒரு கேள்வி:
அக்கா, சுடிதார் எந்தக் கடை?

பகலில் மஞ்சக்குப்பத்தில்
ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பவள் நான்.
உள்ளே உடைந்திருப்பதைப்
படம் எடுத்துக் காட்டினால்
ஜனங்கள் பயந்து கவனிப்பார்கள்
என்று நம்பிப் பழகியவள்.
அடுத்த வாரம் சுவரின் விலாவைக் காட்டினேன்.
ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு கையகலம்
ஆற்றோடு போகிறது என்றேன்.
அறுபத்தேழு.

மூன்றாவது வாரம்
நான் சுண்ணாம்புக் காரையைப் பற்றிப்
பேசிக்கொண்டிருக்கும்போது
பின்னால் சுவரேறிய ஆடு ஒன்று
சறுக்கி
இத்ரீஸ் தோள்மேல் விழுந்தது.

எட்டு லட்சம்.

சேலம், ஷார்ஜா, கோலாலம்பூர்.
எங்கள் குண்டு
அவ்வளவு தூரம் போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள்.
ஆடு விழுந்த இடம் எது என்று
வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள்.
ஏறினார்கள், குதித்தார்கள்,
குதித்தது சரியாக வரவில்லை என்று
மறுபடி ஏறினார்கள்.
கல்யாணம் ஆகப்போகிற ஜோடி ஒன்று
ஊதா நிறத்தில் புகைவிட்டது.
ஆணியால் சுவரில் பெயர் கீறினவனைக் கேட்டேன்.
"என் பேரு டேவிட்.
கோட்டைக்கும் அதே பேர்தானேக்கா?"
என்ன பதில் சொல்ல.

போகும்போது ஞாபகத்துக்கு என்று
ஆளுக்கொரு செங்கல்.
பத்து மழை தின்னாததை
நாலு ஞாயிறு தின்றது.

அழித்துவிடு என்றான் இத்ரீஸ்.
அழித்தேன்.
அதற்குள் இருநூறு பேர்
ஆட்டுக்குப் பாட்டுப் போட்டு
தங்கள் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.
வெடித்த பிறகு
குண்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
திரும்பியா பார்க்கும்?

ஐந்தாவது படத்தில் நான் இல்லை, இசை இல்லை.
கல் இருந்த குழிகளை
ஒவ்வொன்றாகக் காட்டினேன்.
எடுத்தவர்கள் கொண்டுவந்து கொடுங்கள்,
பேர் கேட்கமாட்டேன்,
ஸ்கேன் சென்டர், டோக்கன் கவுண்டர்,
காலை எட்டு முதல் ஒன்று வரை.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

பதினோராம் நாள்
நெய்வேலி பஸ்ஸில் வந்த ஒருவர்
வயிற்று ஸ்கேன்காரர்களோடு
வரிசையில் நின்று
டோக்கன் பதினேழு வாங்கி
தன் முறை வந்ததும்
துணிக்கடைப் பையைக் கவுண்டரில் வைத்தார்.
"பையன் எடுத்துட்டு வந்துட்டான்.
நாலு நாளா காய்ச்சல்.
அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.
இருந்தாலும்."

பையைப் பிரித்தேன்.
கூர் மழுங்காத மூலை.
நடுவில் சூளைக்காரரின் இரண்டெழுத்து.
போன வருஷம் வெந்த கல்.
கோட்டையோரம் மீன் சுட
யாரோ அடுப்புக்கூட்டிவிட்டுப்
போட்டுப் போயிருப்பார்கள்.

சரியான கல்தான் என்றேன்.

ரசீது கேட்டார்.
ஸ்கேன் சீட்டின் பின்பக்கம்
எழுதிக் கொடுத்தேன்:
செங்கல் ஒன்று. பெறப்பட்டது.
நான்காக மடித்துச்
சட்டைப் பையில் வைத்து
அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் மூன்று கல் வந்தன.
மூன்றும் அசல்.
பலகை மாதிரி மெலிந்தவை,
தொட்டால் விரலில் ஒட்டுகிறவை.
மேசைக்கடியில்
ஜெல் பாட்டில் பெட்டிக்குப் பக்கத்தில்
நான்கையும் ஒன்றாகத்தான் அடுக்கியிருக்கிறேன்.

எங்கே ஒப்படைப்பது என்று
அதிகாரி ஒருவரின் எண்ணுக்குப்
படத்தோடு அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்துவிட்டது.
இரண்டு கோடும்
நீலமாகி
இன்றோடு இருபது நாள்.